அக்காவுக்குக் காட்டிய இதயம்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டேன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு, சேலத்தில் லாரி கழுவுவது, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு விடுதியில் சப்பாத்தி தேய்ப்பது என்று எங்கும் ஒரு வருடம் தாங்கவில்லை. கடைசியில் ஆஸ்டின் டவுனில் இருந்த அக்கா வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டு, ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அறையில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். பிணங்கள் இருக்கும் இடம் என்பதால் ஆள் கிடைக்காமல் இருந்தது. என் படிப்பை யாரும் கேட்கவில்லை.

பரீட்சை சமயத்தில் இதயங்களுக்குப் பெயிண்ட் அடிப்பது என் வேலை. மாணவர்கள் அடையாளம் காண, தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம். முதல் தடவை நுரையீரலுக்குப் போகும் பெரிய தமனிக்குச் சிவப்பு அடித்துவிட்டேன். அங்கே பாடம் எடுக்கும் மேடம் தின்னர் கொடுத்து அழிக்கச் சொன்னார். "தமனிதான்பா, ஆனா அதுல போறது கெட்ட ரத்தம். அதுக்கு மட்டும் நீலம்."

மருந்தில் ஊறிய இதயம் பார்வைக்கு ஒன்றுமில்லை. கைக்குள் அடங்கும். நனைந்த செருப்பின் நிறம். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு. இடது பக்க அறைகளுக்கு நடுவே இரண்டு இதழ் வைத்த வால்வு. இதழ்களின் ஓரத்தை வெள்ளை நூல்கள் கீழிருந்து இழுத்துப் பிடித்திருக்கும். முதல் வாரம் சோறு இறங்கவில்லை. பார்க்கப் பார்க்கப் பயம் விட்டுப்போனது. பிறகு கையைக் கழுவிவிட்டு நேராகப் போய்ச் சித்ரான்னம் சாப்பிடுவேன்.

அக்காவுக்குக் கெட்டிருந்தது அந்த வால்வுதான். சின்ன வயதில் தொண்டை வலியும் மூட்டுக் காய்ச்சலும் வந்து, சரியான மருந்தில்லாமல் விட்டதன் மிச்சம். இதழ்கள் தடித்து ஒட்டி வாய் சிறுத்துவிட்டது. கீழே இறங்க வேண்டிய ரத்தம் தேங்கி, நுரையீரலில் பாரமாக நின்றது. வைட்ஃபீல்டில் ஓர் ஆபீசில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். மெட்ரோ படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போனவன். வால்வை மாற்றினால் பிழைப்பாள், தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லித் தேதியும் கொடுத்திருந்தார். அவள்தான் பயந்து இழுத்தடித்தாள்.

எனக்குப் பயம் போன வழியிலேயே அவளுக்கும் போகும் என்று நினைத்தேன்.

"வாக்கா, ஒரு தடவ கண்ணால பாத்துடு. இவ்ளோதானான்னு ஆயிடும்."

"பொணத்தையா? லூசாடா நீ?"

"பொணம் இல்லக்கா. இதயம் மட்டும்."

ஒரு சனிக்கிழமை மதியம், வகுப்பு இல்லாத நேரத்தில் கூட்டிப்போனேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். வரிசையாக நின்ற ஜாடிகளைப் பார்த்து, "இன்னாடா, ஊறுகா மாதிரி போட்டு வெச்சிருக்கீங்க" என்றாள். சிரிக்கக்கூடச் செய்தாள். எனக்குத் தைரியம் வந்தது. இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து, வெட்டி வைத்திருந்த இடது பக்கத்தை விரித்து, வால்வுக்குள் விரலை விட்டுக் காட்டினேன்.

"இங்கதான் உனக்கு ஒட்டிக்கிச்சு. இத எடுத்துட்டுப் புதுசு தைப்பாங்க."

"இது யாருது?"

"தெரியாது. நம்பர்தான்."

"பொம்பளையா?"

"இருக்கும். சின்னதா இருக்கு."

அதோடு விட்டிருக்கலாம். தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடும் ஆசை. தைக்கும்போது இதயத்தை நிறுத்திவிடுவார்கள், அதன் வேலையை வெளியே ஒரு மெஷின் பார்த்துக்கொள்ளும் என்றேன்.

"நிறுத்துவாங்களா?"

"ஆமா. முடிஞ்சதும் திரும்ப ஓட வெச்சிடுவாங்க."

அவள் என் கையில் இருந்ததையே பார்த்தாள். "நிறுத்தினா இது மாதிரிதானேடா இருக்கும்?"

"இல்லக்கா, அது வேற…"

"ஓடற ஒண்ண நீ பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. என்னிடம் இருந்தவை எல்லாம் நின்றுபோனவை.

எதையும் தொடவில்லை, ஆனாலும் குழாயடியில் வெகுநேரம் கை கழுவினாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான், "வேணாம்டா. ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்றாள்.

தேதி போயிற்று. அலைந்து இன்னொரு தேதி வாங்கினேன். மேடம் தானே வந்து பேசுவதாகச் சொன்னார். "சும்மா பேஜார் பண்ணாத, அப்புறம் நீ வீட்டுக்கே வராத" என்று அக்கா கத்தினாள். கத்தியதில் மூச்சு வாங்கியது. அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதயத்தைக் காட்டிய ஏழாவது வாரம் ஒரு காலையில், குடத்தைத் தூக்கியவள் அப்படியே உட்கார்ந்தாள். வாயில் இளஞ்சிவப்பாக நுரை. ஆட்டோவில் என் சட்டையைப் பிடித்த பிடியை ஆஸ்பத்திரியில் நர்ஸ்தான் விடுவித்தார். மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

சின்ன வயது டாக்டர். பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆபரேஷனுக்கு ரெண்டு தடவ டேட் குடுத்திருக்காங்களே, ஏன் வரல?" என்று கேட்டார்.

"பயந்துட்டாங்க சார்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். பயமுறுத்தியது யார் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. காரியம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போகாமல் ஓசூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.