தோய்த்து மடித்த ஏப்ரன்

பிரெஞ்சு அரசின் பத்து வருட விசாவுக்கு விண்ணப்பித்தபோது, நான் சென் தெனியில் ஓர் அலுவலகக் கன்ரீனில் சமையல் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகியிருந்தது. அதற்கு முந்திய நான்கு வருடமும் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு பலகாரக் கடையில் வேலை. சம்பளச் சிட்டை, வாடகைப் பத்திரம், வரிக் கடிதம் எல்லாம் ஒன்றும் விடாமல் அனுப்பினேன். விசா கொடுக்கும் அரச அலுவலகமான பிரெஃபெக்தூரிலிருந்து பதில் வந்தது. பழைய முதலாளியிடமிருந்து, வேலையை விட்ட திகதி போட்ட சான்றிதழ் வேண்டுமாம். ஒரு மாதத்துக்குள் வராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்களாம். அதைக் கேட்டுப் போக எனக்கு முகமில்லை.

ஏனென்றால் அந்த வேலையை நான் முறையாக விடவேயில்லை. சொல்லாமல் நழுவிவிட்டேன்.

முதலாளி ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாமல் வந்து நின்ற எனக்கு முதன்முதலாக ஒழுங்கான வேலை ஒப்பந்தம், கொந்த்ரா, எழுதித் தந்தவர். அவருடைய முகத்தைப் பார்த்து, "வேறை இடத்திலை ஞாயிறு லீவு தாறாங்கள், போறன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நாரி பிடிச்சிட்டுது அக்கா, இடுப்பை அசைக்கேலாது, ஒரு கிழமை படுக்கவேணும்" என்றேன். அவர் பாவம், நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்றை என் பைக்குள் வைத்து, சுடவைத்துப் பூசச் சொன்னார். அந்த ஏழு நாள்தான் இரண்டு வருடமாக இழுபட்டது. அவர் எனக்கு ரெலிபோன் அடித்தபோதும் நான் எடுக்கவில்லை. அப்படி ஒரு கோழை. சாமான் வாங்க அந்தத் தெருவுக்குப் போனாலும் எதிர்ப்பக்கத்தால் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவேன்.

எதிர்ப்பக்கத்தால் போனாலும் ரோல்ஸ் பொரியும் வாசம் விடாது. நான் அங்கே வேலை செய்த காலத்தில், காலை ஏழு மணிக்கு அக்கா மாவைக் குழைத்தபடி வானொலிச் செய்திக்காரரோடு சண்டை பிடிப்பார். கடைக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும். எண்ணெயில் வெடித்துப்போகும் ரோல்ஸை விற்க முடியாது. அவை எங்கள் இருவருக்கும். அடுப்படியில் நின்றபடியே பால் விடாத பிளேன்ரீயோடு தின்போம். கன்ரீனில் எனக்கு மேசை உண்டு, தட்டு உண்டு, மணிபார்த்து ஓய்வும் உண்டு. அந்த ருசி மட்டும் அங்கே ஒருநாளும் கிடைக்கவில்லை.

விசாவா வெட்கமா என்று வந்தபோது விசாதான் வென்றது. ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், சனம் குறைந்த நேரம் பார்த்துக் கடைக்குள் போனேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"நாரி எப்பிடியிருக்கு, பிள்ளை?"

"அது பொய் அக்கா," என்றேன். "வேறை வேலை கிடைச்சது. சொல்ல வெட்கமாயிருந்தது."

"ஓம், தெரியும்."

"ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. நாலு வருசமா ஏப்ரனை அழுக்கோடை ஆணியிலை எறிஞ்சிட்டுப் போனவள், அண்டைக்கு மட்டும் தோய்ச்சு, காயவிட்டு, மடிச்சு வைச்சிட்டுப் போறாய். நாரி நோகிறவள் ஏப்ரன் தோய்ப்பாளே?"

காசு மேசையின் லாச்சியைத் திறந்து ஒரு கடித உறையை எடுத்தார். மேலே என் பெயர். உள்ளே கடைசிச் சம்பளச் சிட்டையும், நான் தேடிவந்த அதே சான்றிதழும், திகதியோடு. நான் போன அடுத்த மாதமே எழுதி வைத்திருக்கிறார்.

"தபாலிலை போட்டிருக்கலாமே அக்கா."

"போட்டிருந்தா நீ இந்தப் பக்கம் எட்டியும் பாத்திருக்கமாட்டாய். இது தேவைப்படேக்கை எண்டாலும் வருவாய் எண்டு வைச்சிருந்தனான்."

நான் அழுதுவிட்டேன். "உனக்கென்ன விசரே, கடைக்கு ஆக்கள் வரப்போகினம்" என்று ஏசிக்கொண்டே கைதுடைக்கும் பேப்பரைக் கிழித்துத் தந்தார்.

விசா கிடைத்துவிட்டது. எந்த ஞாயிற்றுக்கிழமைக்காகப் பொய் சொல்லி ஓடினேனோ, அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அக்காவின் கடைக்குப் போகிறேன். ஏப்ரனை எடுக்கப் போனால் கையில் தட்டுகிறார். கதிரையை இழுத்துப் போட்டு, "நீ இரு பிள்ளை, வேலைக்கே வந்தனி?" என்கிறார். பிறகு, வெடிக்காத நல்ல ரோல்ஸாகப் பார்த்து, தட்டில் வைத்துத் தருகிறார்.