நாலு என்று காட்டிய பெட்டி

பாலகாட் பகுதியில் மூடிப்போன சுரங்கத்துக்குள் நடந்தே இறங்கும் வழி ஒன்று உண்டு. அதன் கேட்டில் நான் வாட்ச்மேன். உள்ளே போகிறவர்களை எண்ண, பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு பெட்டி செய்து கொடுத்தாள். அதற்குள் ஓடும் சி ப்ரோகிராமும் அவள் எழுதியதுதான்.

அன்று தண்ணீர் அளக்க மூன்று பேர் உள்ளே போனார்கள். நான் டீ குடித்துவிட்டு வந்தபோது பெட்டி நாலு என்று காட்டியது. சாயங்காலம் மூன்று பேர்தான் வெளியே வந்தார்கள்.

"இன்னொருத்தர் எங்க?" என்றேன்.

"இன்னாண்ணே, ஷிஃப்ட் முடியாத உங்க தாத்தாவா இருக்கும்," என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

தாத்தா உள்ளே பாறை சரிந்து செத்தவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்குப் போன் போட்டேன்.

"பயப்படாதப்பா. ப்ரோகிராம் மெமரியில இடம் ஒதுக்கறப்ப ஒன்னு, ரெண்டு, நாலு, எட்டுன்னுதான் ஏத்திக்கும். மூணு பேர்னா நாலு இடம். ஆளைக் காட்டாம இடத்தைக் காட்டிட்டேன், என் தப்பு."

நிம்மதியாகப் பூட்டை எடுத்தேன். கை அப்படியே நின்றது.

"நிஜமாவே நாலு பேர் போயிருந்தா?"

"அப்பவும் நாலுதான்பா."

கேட்டைத் திறந்து இருட்டுக்குள் கத்தினேன். என் குரல்தான் திரும்பி வந்தது. மறுபடி கத்தினேன்.

"பூட்டிடாதீங்கண்ணா" என்று வெகு உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. ஆட்டைத் தேடிப் போய்க் கால் பிசகி விழுந்து கிடந்தவள். டார்ச்சோடு போய்க் கூட்டி வந்தேன்.

மகள் பெட்டியைச் சரிசெய்துவிட்டாள். இருந்தாலும் ஒரு குரல் கொடுக்காமல் நான் பூட்டுவதில்லை. பதில் வராத நாட்களில்தான் அதிக நேரம் நிற்கிறேன்.