தந்தி எழுதிய புத்தகம்

ஆம்புலன்ஸ் நிலையத்தில் அவளை எல்லோரும் தந்தி என்றுதான் கூப்பிட்டார்கள். வண்டியை ஓட்டிக்கொண்டே மருத்துவமனைக்கு அவள் தகவல் சொன்னால், ஆள் யார், அடி எங்கே, மூச்சு இருக்கிறதா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வீட்டில் பேசுகிற பொறுப்பைக் கணவர் எடுத்துக்கொண்டார். விடுதி ஒன்றில் சமையல்காரர். குழம்பில் உப்பு கூடிய கதையைக் கடலிலிருந்து ஆரம்பிப்பார்.

ஓய்வு பெற்றபின் தந்தி ஒரு புத்தகம் எழுதினாள். வண்டியில் படுத்துக்கொண்டு வந்தவர்கள் அவளிடம் சொன்னவை. ஒருத்தி பிரசவ வலிக்கு நடுவே, மாமியார் சொன்ன பெயரை மட்டும் வைக்கவே மாட்டேன் என்று தந்தியைச் சாட்சிக்கு வைத்துச் சபதம் போட்டிருந்தாள். இன்னொருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அடுப்பை அணைத்தேனா தெரியவில்லையே என்று வழியெல்லாம் புலம்பியிருந்தார். மருத்துவமனை வாசலில் அவர் பேச்சு நின்றது. "திரும்பும் வழியில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது." அந்தப் பக்கம் அவ்வளவுதான்.

பதிப்பாளருக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் புத்தகம் ஒல்லியாக இருக்கிறது, முதுகில் தலைப்பு போடக்கூட இடமில்லை, இன்னும் இரண்டு மடங்கு எழுதிக் கொடுங்கள் என்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்றாள் தந்தி. அப்படியானால் எங்கள் ஆட்களே பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் சொன்னதை அவள் எழுத்துப்பிழை திருத்தும் வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

அச்சுக்கு முந்தைய பிரதி வந்தது. அடுப்புக்காரருக்கு ஓர் இளமைக்காலம் முளைத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே நிலா வேறு. கடைசியில், வாழ்க்கையும் ஓர் அடுப்புதானே என்று ஒரு பக்கத்துக்கு நீட்டி முழக்கியிருந்தார்கள்.

"நல்லாத்தானே இருக்கு. கையில எடுத்தா ஒரு கனம் இருக்கு" என்றார் கணவர்.

தந்தி தான் எழுதிய பக்கத்தை அவரிடம் நீட்டினாள். அவர் படித்தார். படித்து முடித்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அது பெரிய செய்தி.

மறுநாள் இருவரும் பதிப்பகத்துக்குப் போனார்கள். ஜன்னலை மறைக்கும் உயரத்துக்குப் புத்தகக் கட்டுகள். அறை முழுக்கப் பசை வாடை. தந்தி கொண்டுவந்த பிரதிக் கட்டைப் பதிப்பாளர் பிரித்துப் புரட்டினார். சேர்த்ததெல்லாம் சிவப்பு மையில் அடிபட்டிருந்தது. போதாததற்கு, தந்தி தன் வரிகளிலும் சிலவற்றை வெட்டியிருந்தாள்.

"என்னம்மா இது, முன்னைவிட இன்னும் குறைஞ்சிருக்கு. வாங்குறவங்க ஏமாத்திட்டோம்னு நினைப்பாங்க."

"அந்த மனுஷன் கடைசியாப் பேசினது அடுப்பைப் பத்தி. அதுல நிலாவைக் கொண்டுவந்து வைக்க நீங்க யாரு?"

"அப்படீன்னா என்னால போட முடியாது."

"சரி" என்றாள் தந்தி. கட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

விசிட்டிங் கார்டும் பில் புத்தகமும் அடிக்கும் சின்ன அச்சகத்தில், நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்து, தன் சேமிப்பிலேயே போட்டாள். புத்தகக் கடைகளில், அலமாரியில் நிற்காது என்று திருப்பி அனுப்பினார்கள். பழக்கமுள்ள மருந்துக்கடைக்காரர் மட்டும் கவுன்ட்டர் ஓரத்தில் வைக்க இடம் கொடுத்தார். மருந்து வாங்கக் காத்திருந்தவர்கள் நின்றபடியே புரட்டினார்கள். சிலர் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டும் நகரவில்லை. சிலர் வாங்கிப் போனார்கள். பிரமாதமான விற்பனை என்று சொல்ல முடியாது. ஆனாலும் மறுபடி அச்சடிக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் ஒரு பெண் விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். கோபமாகத்தான் இருந்தாள்.

"உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன், அதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்ல?"

"எழுதியிருக்கலாம்" என்றாள் தந்தி. "மாட்டேன்."

வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு என்று இன்னொரு பிரதி வாங்கிக்கொண்டு போனாள்.

தந்தி இப்போது இரண்டாவது புத்தகம் எழுதுகிறாள். முதலாவதைவிட அது ஒல்லியாக இருக்கும் என்று அவள் கணவர் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.