திறக்காத திருகு

பேய் என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் நான். பார்ப்பது நர்ஸ் வேலை. பயந்தால் பிழைப்பு ஓடாது. நீங்கள் நம்பாவிட்டால் போகட்டும். ஆனால் நடந்தது.

பித்தநாளத்தில் சீழ் பிடித்த இரண்டு பேர் அன்று என் பொறுப்பில். ஏழாம் அறையில் ஒரு லாரி டிரைவர். எட்டாம் அறையில் ஒரு கல்லூரிப் பெண். இருவருக்கும் விலா வழியாக ஈரலுக்குள் மெல்லிய குழாய். அதில் மருந்தை ஏற்றினால் நேராகப் பித்தநாளத்துக்கே போகும். பிறகு குழாயின் திருகை மூடி, அரைமணி கழித்துத் திறந்துவிட வேண்டும். மறந்தால் சீழும் பித்தமும் உள்ளேயே தேங்கி, விஷம் ரத்தத்தில் ஏறிவிடும்.

நாலு மணிக்கு இருவருக்கும் ஏற்றினேன். மூடினேன்.

"உங்க அரைமணி எங்க லாரி அரைமணி மாதிரி இல்லாம இருந்தா சரி தங்கச்சி," என்றார் டிரைவர்.

"வந்துடுவேண்ணே."

போகவில்லை. வார்டின் கோடியில் ஒருவர் ரத்தமாக வாந்தி எடுத்தார். அவரை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடியவள் அங்கேயே மாட்டிக்கொண்டேன். திருகு அடியோடு மறந்துபோனது.

திரும்பியபோது ஆறரை. நர்ஸ் மேசையில் ஆளில்லை.

ட்ரிங்...

ஏழாம் அறை மணி. அப்போதுதான் நினைவு வந்தது.

டிரைவர் இருட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அறை சில்லென்று இருந்தது.

"மன்னிச்சிடுங்கண்ணே..."

திருகைத் திறந்தேன். ஒரு சொட்டுகூட வரவில்லை.

"எனக்கு வேணாம் தங்கச்சி. அடுத்த ரூமுக்கு ஓடுங்க."

அவர் உதடு அசையவில்லை...

ஓடினேன்.

அந்தப் பெண்ணுக்குக் குளிர் நடுக்கம். திறந்தேன். பச்சையாகப் பாய்ந்தது. டாக்டரைக் கூப்பிட்டேன். பிழைத்துக்கொண்டாள்.

ஏழாம் அறைக்குத் திரும்பினேன்.

வெறும் கட்டில்.

மெத்தை சுருட்டியிருந்தது...

ஐந்தரைக்கே நடுக்கம் கண்டு அவரை ஐசியூவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆறு பத்துக்கு உயிர் போய்விட்டதாம். மூடிய திருகை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் விதி என்றார்கள். நான்தான் கொன்றேன்.

மறுநாள் அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குக் கையை வெட்டி எறிந்துவிடலாம் போலிருந்தது.

"கடைசியா பெல்லக் கேட்டார்க்கா. 'பக்கத்து ரூம் புள்ள செத்துடும், பெல்லக் குடு'ன்னார். ஐசியூல பெல்லே இல்ல. வெறுங்கையையே அழுத்திக்கிட்டு இருந்தார். உயிர் போன அப்புறமும் அந்தக் கட்டைவிரல் மட்டும் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சுக்கா... ஆறரைக்குத்தான் நின்னுச்சு."