சிவகாமி டீச்சரைத் தேடி வந்தவர்கள்

சிவகாமி டீச்சர் தவறிவிட்டார் என்ற செய்தி, நான் வகுப்பில் இருக்கும்போதே கைப்பேசிக்கு வந்திருக்கிறது. எங்கள் தனியார் பள்ளியில் பாட நேரத்தில் அதைத் தொடக்கூடாது. மதிய உணவின்போதுதான் பார்த்தேன். சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பூச்சோங்கிலிருந்து கிள்ளானுக்குக் காரை விரட்டினேன். வழியெல்லாம் அழவில்லை, பொறாமைப்பட்டுக்கொண்டே போனேன். அவரை அறிந்த நீங்கள் முகம் சுளிக்கலாம். அவருக்கு இது ஒன்றும் புதிதில்லை.

இருவரும் ஒன்றாகத்தான் ஆசிரியர் வேலைக்கு மனுச் செய்தோம். அரசாங்கம் இருவரையும் வடக்கே தோட்டப் பள்ளிகளுக்குப் போகச் சொன்னது. அவர் பெட்டியைக் கட்டினார். நான் ஊரை விட்டு நகரமாட்டேன் என்று தனியார் பள்ளியில் சேர்ந்தேன். தொடக்கத்தில் என் சம்பளம்தான் அதிகம், வகுப்பறையில் ஏர்கோன் குளிர் வேறு. பிறகு அவர் கிள்ளானுக்கே மாற்றலாகி வந்தார். அவருக்குச் சம்பளம் ஏறியது, ஓய்வூதியம் உறுதியானது. என் சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அரசாங்கப் பள்ளி மதியமே விட்டதும் வீட்டுக்குப் போய் அவர் போடும் தூக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. இருட்டும் நேரத்தில் நான் வீடு வந்து அழைத்தால், "இப்பத்தான்டி எந்திரிச்சேன்" என்பார். பாவி.

"வயிறு எரியாத லா. என் கிளாஸ்ல நாப்பது பேரு. ஒரு நாளு வந்து நின்னு பாரு" என்பார். நான் ஆயுள் முழுக்க நிற்கத் தயாராக இருந்தேன்.

பிள்ளைகளைச் சேர்க்க, சனி ஞாயிறுகளில் எங்கள் ஆசிரியர்கள் பேரங்காடியில் நின்று துண்டறிக்கை கொடுக்கவேண்டும். ஒருமுறை அங்கே வந்த சிவகாமி என் முகத்தைப் பார்த்தார். "குடு இங்க, நீ போயி உக்காரு" என்று கட்டைப் பிடுங்கித் தாமே கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அவருடைய மாணவர்களின் பெற்றோர் சிலர் அதைப் பார்த்துவிட்டார்கள். சிவகாமி டீச்சர் பிரைவேட்டுக்குப் போகிறாராம் என்று வாட்சப்பில் பரவி, திங்கட்கிழமை அவர் பள்ளி வாசலில் ஒரே கூட்டம். "போயிராதீங்க டீச்சர்" என்று ஒரு தாய் அழுதாராம். அவர் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஆண்டுக் கடைசியில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா என்பதே சந்தேகமாக இருந்தது. வயதானவர்களை நிறுத்திவிட்டு இளசுகளைக் குறைந்த சம்பளத்துக்கு எடுப்பது அங்கே வழக்கம். ஆனால் பிரின்சிபல் என்னைக் கூப்பிட்டு, "உங்கள நிறுத்துனா பிள்ளைய வேற ஸ்கூலுக்கு மாத்திருவேன்னு ஒரு அம்மா போன்ல சண்ட போட்டாங்க டீச்சர்" என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். அன்றைக்கே சிவகாமியிடம் பீற்றிக்கொண்டேன்.

"எனக்கும் ஒருத்தி இருக்காடி."

"ஒருத்தி போதும் லா" என்றார்.

இறுதிச் சடங்கில் அவர் வீட்டுத் தெருவில் கார் நிறுத்த இடமில்லை. பழைய மாணவர்கள், பெற்றோர்கள், அவர்களின் பிள்ளைகள். செத்தும் இவளுக்குத்தான் கூட்டமா என்று பொருமிக்கொண்டு நின்றேன். அவர் கணவர் அருகில் வந்தார்.

"வேல எப்பிடிப் போவுது டீச்சர்? அன்னிக்கி ஒங்க பிரின்சிபல்கிட்ட அவ போன்ல சண்ட போட்டப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். ஒங்களுக்குத் தெரியவே கூடாதுன்னுட்டா."

அந்த ஒரு தாயை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் அவர் முன்னால் தலை நிமிர்ந்து நின்றேன். அவளும் சிவகாமிதானா? முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இன்று என்னிடம் இருக்கும் வேலை அவர் வாங்கிக் கொடுத்தது. பொறாமை ஒன்றுதான் என் சொந்தச் சம்பாத்தியம். அதை வைத்துக்கொள்கிறேன்.