அப்பாவின் மஞ்சள் ஜாக்கெட்

எங்கள் பள்ளிப் புத்தகத்தில் இலையுதிர் காலம் பற்றி ஒரு பாடம் இருந்தது. படத்தில் ஒரு சிறுமி சிவப்பு இலைகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டிக்கொண்டு போவாள். நாங்கள் இருந்த ஒமானின் சோஹாரில் அப்படி உதிர்வதற்கு இலையே கிடையாது. இருக்கிற பேரீச்ச மரங்களும் வருஷம் முழுக்க ஒரே கோலத்தில்தான் நிற்கும். எங்கள் வீட்டில் இலையுதிர் காலம் என்பது அம்மா ஏசியை அணைக்கிற நாள்.

நவம்பரில் ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை அது நடக்கும். அங்கே வெள்ளிதான் விடுமுறை என்பதால் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையையும் அன்றே வைத்துவிடுவார்கள். பூசை முடிந்து வந்ததும் அம்மா ஜன்னலைத் திறந்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் கையை வெளியே நீட்டிப் பார்ப்பாள். "ம், சூடு எறங்கிட்டு" என்பாள். ஆறு மாதமாக உறுமிக்கொண்டிருந்த பெட்டி நின்றுபோகும். பக்கத்து வீட்டு மலையாளி ஆன்ட்டியின் குக்கர் விசில் அடிப்பதும், மாடியில் யாரோ நாற்காலி இழுப்பதும் அப்போதுதான் காதில் விழும். இத்தனை பேர் நம்மைச் சுற்றி இருந்தார்களா என்று தோன்றும்.

அன்றைக்கே பால்கனியில் பழைய போர்வைக்குள் கிடந்த சைக்கிள்கள் இரண்டும் கீழே இறங்கும். கோடை வெயிலில் டியூப் வெடித்து, சீட்டின் ரெக்சின் பிளந்துபோயிருக்கும். பஞ்சர் கடைப் பாகிஸ்தான்காரப் பட்டாணி பாய் வருஷா வருஷம் அவற்றைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி சூப்பர்வைசர். விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்த வேலை சைட்டோடு முடிந்திருக்கலாம், அவர் விடவில்லை. கார் நிறுத்துமிடத்தில் என்னையும் சைக்கிளையும் நிற்க வைத்து ஐந்து நிமிடம் பாதுகாப்பு வகுப்பு எடுப்பார். பிரேக்கைப் பிடி, மணியை அடி, ஹெல்மெட் வாரை இழு. கேட்பதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன். ஆனாலும் ஐம்பது பேரிடம் பேசுகிற குரலில்தான் பேசுவார். கடைசியில், சைட்டில் போடுகிற மஞ்சள் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொள்வார். வெளிச்சம் பட்டால் பளபளக்கிற வெள்ளிப் பட்டைகள் வைத்தது.

வளைகுடாவில் பொழுதுபோக்குக்குச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் உடலோடு ஒட்டிய உடையும் கறுப்புக் கண்ணாடியுமாகப் போவார்கள். பிழைப்புக்குச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கூலித் தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப்பில் இருப்பவர்கள், அவர்கள்தான் மஞ்சள் ஜாக்கெட் போடுவார்கள். இந்த வித்தியாசம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும், ஆனால் அவர் சட்டை செய்வதில்லை.

"பாக்க அப்படியே கேம்ப் ஆளு மாரி இருக்கிய. யாராச்சும் நம்ம ஊர்க்காரங்க பாத்தா என்ன நெனப்பாவ?" என்பாள் அம்மா.

"உயிரோட இருக்கான்னு நெனப்பாவ" என்பார் அப்பா.

கடற்கரைச் சாலையில் மீன் சந்தைவரை போய்த் திரும்புவோம். முதல் வாரம் சட்டை நனைந்து முதுகில் ஒட்டும். அடுத்தடுத்த வாரங்களில் வேர்வை குறையும். பிறகு ஒருநாள் காற்று காதைக் கடிக்கும், அம்மா ஸ்வெட்டரைத் தேடுவாள். படகுகளை மணலில் ஏற்றிப் போட்டிருப்பார்கள், கடற்புறாக்கள் அவற்றின்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நாங்கள் மணியடித்தால் ஒன்றுகூட எழுந்திருக்காது. திரும்பும் வழியில் ஒரு சின்னச் சரிவு உண்டு. ஒருமுறை அதில் அப்பா இரண்டு கைகளையும் விட்டுவிட்டு, வேதக்கோயில் பாட்டொன்றை உரக்கப் பாடிக்கொண்டே இறங்கினார். கீழே வந்து, "அம்மாட்ட சொல்லிராத" என்றார். வீட்டில் அவ்வளவாகப் பேசாத அப்பாவும் அவர்தான், இவரும் அவர்தான் என்பது எனக்கு அப்போது ஒரு அதிசயம். அந்த வாரங்களில் எனக்கு அப்பாவை மிகவும் பிடித்திருந்தது.

அந்த வருஷம் வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் நகை நட்டு பற்றிப் பெரிதாக வாய் திறக்கவில்லை. அண்ணன்காரர் மாப்பிள்ளைக்கு ஒரு விசா எடுத்துக் கொடுத்தால் போதும் என்றார்கள். பெண் வேலைக்குப் போக வேண்டாம், மாமியாருக்குத் துணையாக வீட்டில் இருக்கட்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். அப்பா சரியென்று வாக்குக் கொடுத்திருந்தார். தை பிறந்ததும் கல்யாணம், அப்பாவுக்கு ஒரு மாதம் லீவு, எனக்கு ஊதா நிறத்தில் பட்டுப்பாவாடை. பாவாடை விஷயம்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது.

நடுவில் ஒருநாள் வீடியோ காலில் அத்தை, "அண்ணே, மஸ்கட் ஆஸ்பத்திரி இன்டர்வியூல செலக்ட் ஆயிட்டேன். ஒங்க பக்கத்துலயே வந்துருவேன்" என்றாள். அப்பா சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"வாக்குக் குடுத்தாச்சுல்லா? கல்யாணம் முடியட்டும். மாப்பிள்ளட்டயே கேட்டுக்க."

"அவ்வோ விடமாட்டாவண்ணே."

"விடாட்டா வேண்டாம்."

அத்தை என்னைக் கூப்பிட்டு, சைக்கிள் இறக்கியாச்சா என்று கேட்டாள். அவளுக்குச் சைக்கிள் என்றால் உயிர்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது. மீன் சந்தைக்கு முன்னால் சாலை வளைகிற இடத்தில் முள்மரங்கள் சில உண்டு. அப்பாவின் பின் டயரில் முள் ஏறிவிட்டது. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் முன்னால் போய், அம்மாவின் போனில் கடற்புறாக்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், பெரிய வெள்ளை வண்டி ஒன்று அப்பாவின் அருகே நிற்கிறது. வெள்ளைத் தாடி வைத்த ஒமானிப் பெரியவர் ஒருவர் இறங்கிவந்து, வண்டியின் பின்னாலிருந்து ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"ஸதீக், கானா" என்றார். நண்பா, சாப்பாடு என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்தபின் கேம்ப் ஆட்களுக்குச் சாப்பாடு கொடுப்பது அங்கே பலர் செய்வது. அப்பா பதறிவிட்டார். "நோ நோ, ஷுக்ரன்... மை கார், ஹோம்..." என்று கையை ஆட்டினார். கார் வைத்திருக்கிறேன், வீட்டில்தான் நிற்கிறது என்று சொல்ல நினைத்திருப்பார். பெரியவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. வீடு எவ்வளவு தூரம், பாவம், நடந்தே போகவேண்டுமே என்ற முகத்தோடு ஒரு மோர் பாட்டிலையும் இரண்டு வாழைப்பழத்தையும் சேர்த்து வைத்தார். "மாஃபி முஷ்கில்", ஒன்றும் பிரச்சினையில்லை என்று அப்பாவின் தோளில் தட்டினார்.

அதற்குமேல் மறுத்தால் அவமரியாதை. அப்பா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, பொட்டலத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். மஞ்சள் ஜாக்கெட், வேர்வையில் ஒட்டிய தலைமுடி, காலடியில் சாய்ந்து கிடக்கிற சைக்கிள். போன் கையில் இருந்ததால் நான் ஒரு படம் எடுத்தேன்.

ஆட்டிறைச்சியும் திராட்சையும் போட்ட சோறு. நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்ட பிறகும் மிச்சம் இருந்தது. அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். "சேஃப்டிக்குக் கெடச்ச கூலி" என்றாள். அப்பாவும் சிரித்தார். அன்று இரவு வீடியோ காலில் அத்தையிடம் தானே அதை நடித்துக் காட்டினார், நான் படம் எடுத்ததையும் சொன்னார். அத்தையும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

மறுநாள் அம்மாவின் போனுக்கு அத்தையிடமிருந்து எனக்காக ஒரு குரல் செய்தி வந்தது.

"ஏட்டி, நேத்து எடுத்த போட்டோவ அத்தைக்கு அனுப்புட்டி."

என்னிடம் அதைவிட நல்ல படம் இருந்தது. அதற்கு முந்தைய வாரம் அம்மாவும் காரில் வந்திருந்தபோது எடுத்தது. பின்னால் கடல், அந்தி வெளிச்சம், ஓரத்தில் எங்கள் வெள்ளைக் கார், அப்பா சைக்கிள்மேல் ஒரு காலை ஊன்றி ராஜாபோல் நிற்பார். அதை அனுப்பினேன்.

"இது இல்லட்டி. கார் தெரியாண்டாம். சாப்பாடு வாங்குதது."

அத்தைக்கு ரசனை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு அதையும் அனுப்பினேன்.

டிசம்பரில், அம்மா கிறிஸ்மஸ் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது ஊரிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒத்துவராது என்று சொல்லிவிட்டார்களாம். காரணமும் நடுவில் பேசிய ஆள் வழியாக வந்து சேர்ந்தது. சைக்கிளில் போய்ச் சோற்றுக்குக் கையேந்துகிற மனுஷன் எங்கள் பையனுக்கு எங்கே விசா எடுக்கப்போகிறார், கார் இருக்கிறது ஃப்ளாட் இருக்கிறது என்று அளந்ததெல்லாம் பொய்தானே என்று கேட்டார்களாம். யாரோ அவர்களுக்குப் படம் அனுப்பியிருக்கிறார்கள்.

அப்பா சோபாவில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மாவுக் கையோடு வந்து, "அப்பவே சொன்னனா இல்லயா, அந்தச் சட்டையப் போடாதியன்னு?" என்று ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் ஊதாப் பாவாடையை நினைத்து அழுகையும் வந்தது. இரண்டில் எது அதிகம் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

படத்தை அனுப்பியது யார் என்ற ஆராய்ச்சி நடந்தது. அத்தை கேட்டு நான் அவளுக்கு அனுப்பியதை அதோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. தன் கல்யாணத்துக்குத் தானே யாராவது உலை வைப்பார்களா? மீன் சந்தைப் பக்கம் கடை வைத்திருந்த ஊர்க்காரர் ஒருவர்மேல் பழி விழுந்தது. அந்தப் பாவப்பட்ட மனிதரோடு அப்பா இரண்டு வருஷம் பேசவில்லை.

அன்றிரவு அப்பா தங்கையிடம் பேசினார். "என்னாலதாம்மா இப்படி ஆச்சு" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அத்தை அந்தப் பக்கம் அழுதாள். நிஜமாகவே அழுதாள். பிறகு போன் என் கைக்கு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அண்ணன் டயருக்குப் பஞ்சர் ஒட்டியாச்சாட்டி?" என்று கேட்டாள்.

துக்கத்தில் அத்தைக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று எனக்குப் பயமாகப் போய்விட்டது. படுக்கும்போது அவளுக்காகத் தனியாக ஒரு ஜெபம் சொன்னேன். அதே மாப்பிள்ளை மனம் திரும்பி வந்து அத்தையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கிறிஸ்மஸ்வரை தினமும் வேண்டினேன். என் ஜெபங்களுக்கு ஆண்டவர் அவ்வளவாகக் காது கொடுப்பதில்லை என்று அப்போது எனக்குக் குறைதான்.

மஞ்சள் ஜாக்கெட் அலமாரிக்குள் போனது. ஜனவரியில் மறுபடி சைக்கிள் எடுத்தபோது அப்பா சாதாரணச் சட்டையில் வந்தார். சரிவில் கையை விடவில்லை. அந்தக் குளிர்காலம் அப்படியே முடிந்தது.

வாக்கை அவர்களாகவே முறித்துக்கொண்டதால் அப்பாவுக்குத் தடுக்க வழியில்லை. அடுத்த கோடையில் அத்தை மஸ்கட் வந்து டூட்டியில் சேர்ந்தாள். நவம்பரில் அம்மா ஏசியை அணைத்த வாரம், லீவு எடுத்துப் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் பையைக்கூடப் பிரிக்கவில்லை.

"அண்ணே, அந்த மஞ்சச் சட்ட எங்க?"

அப்பா தயங்கினார். அத்தை தானே அலமாரியைத் திறந்து எடுத்தாள். அவளுக்கு அது முழங்கால்வரை தொங்கியது. கையை மடித்து விட்டுக்கொண்டு, அப்பாவின் சைக்கிளில் ஏறினாள். அப்பாவுக்குத் தன் ஐந்து நிமிட வகுப்பை எடுக்கக்கூட அவள் நேரம் கொடுக்கவில்லை.

நல்ல காற்று. அத்தை மணியை அடித்துக்கொண்டே, வழியில் போகிற கேம்ப் சைக்கிள்காரர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டே வந்தாள். அவர்களும் ஆட்டினார்கள். மீன் சந்தை நெருங்க நெருங்க எனக்குக் கவலையாகிவிட்டது. முள்மரங்கள் நிற்கிற வளைவு வரப்போகிறது. தன் கல்யாணம் கெட்டுப்போன இடத்தைப் பார்த்தால் அத்தை உடைந்துவிடுவாள். அவள் கவனிப்பதற்குள் கடந்துவிட வேண்டும் என்று, "அத்த, ரேஸ்!" என்று கத்திக்கொண்டு வேகமாக மிதித்தேன்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் அவள் வரவில்லை. வளைவிலேயே இறங்கி நின்றிருந்தாள்.

"இந்த எடந்தானட்டி?"

நான் தலையை ஆட்டினேன். அவள் முள்மரங்களைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அப்பா நின்றதுபோலவே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, "ஒரு போட்டோ எடு" என்றாள்.

எடுத்தேன். படத்தில் அவள் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பாவம் அத்தை, துக்கத்தை எப்படியெல்லாம் அடக்கிக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிரவும் அவளுக்காக ஜெபம் செய்தேன்.