ஜரிகையால் கட்டிய பேட்டரி

1. பயந்தாங்கொள்ளி

பேட்டரிக் கடையில் சேர்ந்த முதல் நாளே வேலையை விட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. பில் போடத்தான் என்னைச் சேர்த்தார்கள். மத்தியானம் பின்பக்கம் சார்ஜில் இருந்த ஒரு பேட்டரியின் மேல் மெக்கானிக் ஒருவர் கவனமில்லாமல் ஸ்பேனரை வைத்துவிட்டார். பிளஸ்ஸும் மைனஸும் அந்த இரும்பில் சேர்ந்தன. பொறி பறந்தது, பேட்டரியிலிருந்து வந்த கேஸ் பற்றிக்கொண்டது, டமால் என்று வெடித்தது. ஆசிட் முழுக்க அவர் முகத்தில். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். ஒரு கண் போனது போனதுதான்.

அன்றிலிருந்து எனக்குப் பேட்டரி என்றால் பயம். அதே கடையில் வேலை கற்று, ஆரணியில் சொந்தமாகக் கடை போட்டு, ஊரே என்னைப் 'பேட்டரி அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு இரண்டு கண்ணும் இருக்கின்றன.

2. கையில் ஒரு பேட்டரியோடு வந்தவர்

தாமோதரன் பட்டுத் தறி வைத்திருப்பவர். அவரிடம் கார்புரேட்டர் காலத்துச் சின்ன கார் ஒன்று உண்டு. பேட்டரி படுத்துவிட்டது என்று வந்தார், கையில் வேறொரு பேட்டரியோடு.

"மச்சான் வண்டிய வித்துட்டாரு. அதுக்கு வாங்கின பேட்டரி, புத்தம் புதுசு, சும்மா கெடக்குது. இத மாட்டி வுடுக்கா."

டேப் வைத்து அளந்தேன். வண்டியில் பேட்டரி உட்காரும் இரும்புத் தட்டைவிட அது நாலு விரல் குட்டை. மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் அதற்கு எட்டவில்லை. பழைய வண்டிக்குப் பேட்டரி மாற்றும்போது எல்லோரும் எத்தனை ஏ.எச்., அதாவது எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று மட்டும்தான் கேட்கிறார்கள். வோல்ட்டும் ஏ.எச்.சும் சரியாகவே இருக்கட்டும், தட்டில் கச்சிதமாக உட்காராத பேட்டரி அந்த வண்டிக்கு ஆகாது.

"ஆகாதுங்க. பள்ளத்துல எறங்கினா ஆடும். ஆடினா பிளஸ் எங்கனா இரும்புல இடிக்கும். வண்டி பாடி முழுக்க மைனஸுங்க," என்றேன்.

"ஆடாம கட்டிட்டா?"

"கயிறு போட்டெல்லாம் கட்டக் கூடாதுங்க."

அவருக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "இன்னாக்கா பேசற? அறுந்த பட்டு இழைய கண்ணுக்கே தெரியாம முடிச்சுப் போடறவங்க நாங்க. ஒரு பேட்டரிய கட்டத் தெரியாதா? சும்மா பேஜார் பண்ணாத!"

பேட்டரியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். நானும் அடுத்த வேலையைப் பார்த்தேன்.

3. முடி கருகும் நாற்றம்

சில நாள் கழித்து ஒரு காலையில் அந்தக் கார் கடை வாசலில் வந்து திணறி நின்றது. தாமோதரன் தலையை வெளியே நீட்டினார்.

"அக்கா, ஹாரன் அடிக்க மாட்டேங்குது, கொஞ்சம் பாரு. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்கினு இருக்கோம்."

பின் சீட்டில் அவர் மனைவி சரோஜா. தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். மாவுக்கட்டுப் போட்ட கால் சீட்டின் நீளத்துக்கு நீண்டிருந்தது.

வண்டிக்குக் கிட்டப் போனதும் முடி கருகும் நாற்றம் குப்பென்று அடித்தது. பட்டு எரிந்தால் அப்படித்தான் நாறும், எங்கள் ஊரில் அது தெரியாதவர் கிடையாது. கார் பானெட்டுக்குள் பட்டுக்கு என்ன வேலை? கத்தினேன்.

"வண்டிய ஆஃப் பண்ணுங்க! அவங்கள எறக்குங்க, ஜல்தி!"

பானெட்டைத் தூக்கினேன். பேட்டரியைத் தட்டோடு சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார். தறியில் மிஞ்சிய நூலை முறுக்கிய கயிறு. வெறும் பட்டு என்றால்கூடப் பரவாயில்லை. உறுதியாக இருக்கட்டும் என்று மிச்ச ஜரிகையையும் கை நிறைய அள்ளிச் சேர்த்து முறுக்கியிருக்கிறார் மனுஷன். ஜரிகை உலோகம் அல்லவா, அதில் கரண்ட் பாயுமே! பிளஸ் மேல் ஒரு சைக்கிள் டியூப் துண்டை வைத்து மறைத்திருந்தார், ஆட்டத்தில் அது நழுவிவிட்டது. பிளஸ்ஸிலிருந்து இரும்புத் தட்டு வரை ஜரிகை தணலாகச் சிவந்து, இழை இழையாக அறுந்து பொறி விட்டுக்கொண்டிருந்தது. பேட்டரி பக்கவாட்டில் உப்பி, உஸ்ஸென்று கேஸ் கக்கியது. ஒரு சாண் தள்ளிப் பெட்ரோல் குழாய்.

பின்னால் சரோஜா அலறினார். "ஐயோ, இழுக்காதீங்க! உசுரு போவுது!"

தாமோதரன் அவரைத் தோளோடு பிடித்து இழுக்க, மாவுக்கட்டு முன் சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. "வரமாட்டேங்குதுக்கா! இன்னா பண்றது?" என்று அவரும் கத்தினார்.

பொய் சொல்ல மாட்டேன், ஓடத்தான் தோன்றியது. ஒரு காலைப் பின்னால் எடுத்தும் வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணின் அலறல்தான் என்னை நிறுத்தியது. கயிற்றை வெட்டப் போனால் கட்டர் இரும்பில் படும். பிளஸ்ஸைக் கழற்றப் போனால் ஸ்பேனர் பாடியில் படும். மைனஸைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அதைக் கழற்றும்போதும் ஒரு பொறி வந்தே தீரும், அது கேஸில் பட்டால் என் முகம் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி கடைக்குள் கிடந்தது. முந்தானையை முகத்தில் சுற்றிக்கொண்டு, டேப் சுற்றிய ஸ்பேனரை மைனஸ் நட்டில் வைத்தேன். அது வழுக்கியது. மறுபடியும் வைத்தேன். முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு திருகினேன்.

சடக்கென்று ஒரு பொறி. கேபிள் கையோடு வந்துவிட்டது. வெடிக்கவில்லை. ஜரிகை மெல்லக் கறுத்து அணைந்தது. நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

4. பின் சீட்

சரோஜாவைப் பதமாக இறக்கி, கடைக்குள் நாற்காலியில் உட்கார வைத்தோம். தாமோதரனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"இருக்கறதுலயே பெருசா ஒண்ணு போட்டுடுக்கா. எனக்கு இனிமே இந்தப் பயமே வேணாம்."

"பெருசும் ஆகாதுங்க. உயரம் ஜாஸ்தியானா பானெட்டு மூடறப்ப பிளஸ்ல இடிக்கும். மறுபடியும் இதே கதைதான்."

தட்டின் நீள அகலம், உயரம், பிளஸ் எந்தப் பக்கம், கேபிள் இழுபடாமல் எட்டுகிறதா, கேபிள் மாட்டும் டெர்மினல் தடியா மெல்லிசா என்று எல்லாம் பார்த்தேன். வண்டி வந்த நாளில் என்ன இருந்ததோ அதே அளவு முப்பத்தைந்து ஏ.எச். பேட்டரியை வைத்தேன். கருகிய கேபிளை மாற்றி, கிளாம்ப்பை முடுக்கி, பிளஸ்ஸுக்கு மூடி போட்டேன். இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்தால் பதினாலு வோல்ட், சார்ஜிங்கும் சரி.

"ஏறும்மா, நேரமாவுது," என்றார் தாமோதரன்.

சரோஜா அசையவில்லை. "நீங்க கட்டினப்பவும் இப்படித்தான் சொன்னீங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஏறுக்கா. நீ ஏறினாதான் நான் ஏறுவேன்."

எத்தனையோ வண்டிகளுக்குப் பேட்டரி மாற்றியிருக்கிறேன், ஒன்றிலும் ஏறி உட்கார்ந்ததில்லை. கதவுப் பிடியில் கையை வைத்தவள், எடுத்துவிட்டேன். போய் பானெட்டை மறுபடி திறந்து, கிளாம்ப் நட்டில் ஸ்பேனரை வைத்தேன்.

நட்டு இன்னும் கால் சுற்று திரும்பியது.

அதை முடுக்கிவிட்டுத்தான் ஏறினேன். வேலூர் வரைக்கும் அந்த மாவுக்கட்டுக் கால் என் மடியில் இருந்தது. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் நாங்கள் இரண்டு பேரும் கையை இறுகப் பிடித்துக்கொண்டோம்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஏ.எச்., அளவு, பிளஸ் பக்கம் எல்லாம் கேட்லாக்கிலேயே இருக்கும், படித்துக்கொள்ளலாம். பானெட்டை மூடுவதற்கு முன்னால், எழுந்து ஓட முடியாத காலோடு இந்த வண்டியின் பின் சீட்டில் நான் உட்காருவேனா என்று கேட்டுப் பாருங்கள். மனசு கொஞ்சம் தயங்கினாலும் ஸ்பேனரை எடுங்கள். எனக்கு இன்றைக்கும் ஒவ்வொரு வண்டியிலும் தயங்குகிறது.